ஆபீஸ் கேங்கும் கொரியா ராணுவத்து ஹனாஹ்வேயும் ஒண்ணுதானா?

தென்கொரியாவுல 1979 டிசம்பர் 12 ராத்திரி நடந்தத வச்சு எடுத்த படத்தப் பாத்துட்டு வந்து கேட்டிருக்கீங்க: ஒரே பேட்ச்ல படிச்ச ஃப்ரெண்ட்ஸ் சேந்து (இவங்களோட ரகசிய சங்கத்துக்குப் பேருதான் ஹனாஹ்வே) ஒரு நாட்டு ராணுவத்தையே ஒரே ராத்திரில எப்படி கவுத்தாங்க, எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு கேங் இருக்கு ரெண்டும் ஒரே சமாச்சாரந்தானா, இன்னமும் கொரியாவுல அந்த மாதிரி கோஷ்டி இருக்கா. இதுவரைக்கும் பதில் சொன்னவங்கள்ல பாதிப் பேர் படத்தோட கதையச் சொல்லிட்டாங்க, மீதிப் பேர் "எல்லாம் பதவி வெறி சார்"னு ஒரு வரில முடிச்சுட்டாங்க. பதவி வெறி எல்லா நாட்டு ராணுவத்துலயும் இருக்கு, எல்லா எடத்துலயும் புரட்சி நடக்கலையே. நட்பு எந்த எடத்துல கோஷ்டியா மாறுது, அத வெளிலேருந்து எத வச்சு கண்டுபுடிக்கறது, இதத்தான் நீங்க கேக்கறீங்கன்னு எடுத்துக்கறேன். நான் காலேஜ்ல கிழக்காசிய வரலாறு பாடம் எடுத்தவன். கொரிய மொழி அகராதியப் பக்கத்துல வச்சுக்கிட்டு தட்டுத்தடுமாறி படிக்கற அளவுக்குத்தான் வரும், அதனால கீழ சொல்றதுல கோர்ட் வரைக்கும் போய் நிரூபணமானது எது, வெறும் பேச்சு எதுன்னு அங்கங்க பிரிச்சே சொல்றேன்.

மொதல்ல சாதாரண கேங். இது தப்பே கிடையாது, மனுஷன் இருக்கற எடத்துல எல்லாம் இது இருக்கும். 1930கள்ல அமெரிக்காவுல மிசிசிப்பி மாகாணம் நாச்சஸ்ங்கற ஊர்ல ஆராய்ச்சிக்குப் போனவங்க 18 பெண்கள் 14 விசேஷங்கள்ல யார் யார் எதுக்கு வந்தாங்கன்னு குறிச்சு வச்சாங்க, பெரும்பாலும் உள்ளூர் பேப்பர்ல வந்த செய்திய வச்சே. அத அட்டவணையாப் போட்டா தானாவே ரெண்டு செட்டாப் பிரிஞ்சு நிக்குது, நடுவுல ஒண்ணு ரெண்டு பேர் மட்டும் ரெண்டு பக்கமும் போறவங்க. யாரும் யாரையும் தலைவின்னு சொல்லல, உறுப்பினர் சேர்க்கை எதுவும் நடக்கல. அந்தச் சின்ன அட்டவணைய இன்னைக்கும் நெட்வொர்க் பாடத்துல மொத வாரத்துலயே குடுப்பாங்க. 1949ல கணக்குப் போடறவங்க இதுக்கு ஒரு கறாரான இலக்கணமும் சொல்லிட்டாங்க: கொறஞ்சது மூணு பேர், அதுல ஒவ்வொருத்தருக்கும் மத்த எல்லாரோடயும் நேரடித் தொடர்பு இருக்கணும். அவ்வளவுதான், இதுல நல்லது கெட்டது எதுவும் இல்ல. உங்க ஆபீஸ்ல ஒண்ணா டீ குடிக்கப் போறவங்க, தனி வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கறவங்க எல்லாம் இந்த வகைதான். நம்மள சேத்துக்கலன்னா மனசு வலிக்கும், அது வேற விஷயம்.

இது எப்போ மாறும்னா, அந்தக் கூட்டம் தனக்குச் சொந்தமில்லாத ஒண்ணப் பங்கு போட ஆரம்பிக்கறப்ப. ராணுவத்துலயும் அரசாங்கத்துலயும் அந்த ஒண்ணு பெரும்பாலும் போஸ்டிங். யாரு எந்த நாற்காலில உக்காரணும்னு முடிவு பண்ற அதிகாரம் சட்டப்படி வேற ஒருத்தர்கிட்ட இருக்கும், ஆனா நெஜத்துல முடிவு வேற எடத்துல ஆகும். கொள்கை, சித்தாந்தம் எல்லாம் அதுக்கப்பறம் வந்து ஒட்டிக்கறதுதான்ங்கறது என்னோட கருத்து, இத ஒத்துக்காத வரலாற்று ஆசிரியர்கள் இருக்காங்க. ஆனா கொரியா கதையில இது ரொம்பத் தெளிவாத் தெரியும்.

ஹனாஹ்வே எப்படி ஆரம்பிச்சுதுன்னு பாருங்க. கொரியப் போர் நடந்துக்கிட்டு இருக்கறப்பவே ராணுவ அகாடமில நாலு வருஷ முழுப் படிப்பு ஆரம்பிச்சாங்க, அதுல சேந்து 1955ல பட்டம் வாங்கிட்டு வெளிய வந்தவங்கதான் 11வது பேட்ச். அதுக்கு முன்னாடி வந்த பத்து பேட்சும் சில வாரம், சில மாசம்னு அவசரப் பயிற்சி எடுத்து வந்தவங்க. அதனால 11வது பேட்ச் பசங்களுக்கு "நாமதான் ஒரிஜினல், மேல இருக்கறவங்க எல்லாம் குறுக்கு வழில வந்தவங்க"ன்னு ஒரு மெதப்பு, அதோட ஒரு ஆத்திரமும், ஏன்னா மேல நல்ல எடத்த எல்லாம் முன்னாடி வந்தவங்க சின்ன வயசுலயே அடைச்சுக்கிட்டாங்க, இவங்களுக்குப் புரமோஷன் நகரவே மாட்டேங்குது. இந்தப் பேட்ச்ல தேகுங்கற ஊர்ப் பக்கத்து ஆளுங்க சில பேர் அகாடமில இருக்கறப்பவே ஒரு சின்ன செட்டு சேத்துக்கிட்டாங்க. பின்னாடி ஜனாதிபதி ஆன சுன் டூ-ஹ்வான் அகாடமி ஃபுட்பால் டீமுக்கு கோல்கீப்பர், கேப்டனும் அவர்தான். ரோ டே-வூ, கிம் போக்-டோங் எல்லாம் அதே செட்டு, பின்னாடி கிம்மோட தங்கச்சியத்தான் ரோ கல்யாணம் பண்ணிக்கிட்டார். இது வரைக்கும் சுத்தமான காலேஜ் கேங்தான், நம்ம ஊர் ஹாஸ்டல்ல ஒரே மாவட்டத்துப் பசங்க ஒண்ணா சுத்தற அதே சங்கதி.

திருப்பம் 1961. மே 16ம் தேதி பார்க் சுங்-ஹீ ராணுவப் புரட்சி பண்ணார், ஆனா அது நிக்குமா நிக்காதான்னு மொத ரெண்டு நாள் யாருக்கும் தெரியாது. அப்போ கேப்டனா இருந்த சுன், அகாடமி மாணவர்களக் கெளப்பி சியோல் தெருவுல புரட்சிக்கு ஆதரவா ஊர்வலம் நடத்த வச்சார். பார்க் அத மறக்கல. சுன் நேரா அதிகார மையத்துக்குப் பக்கத்துல வந்துட்டார், 1960கள் ஆரம்பத்துல பழைய ஃப்ரெண்ட்ஸ் செட்டு ரகசிய சங்கமா மாறிடுச்சு, பேரு ஹனாஹ்வே. சரியா எந்த வருஷம்ங்கறதுல அதுல இருந்தவங்களே ஆளுக்கொண்ணு சொல்லியிருக்காங்க, அதனால யாராவது தேதியோட அடிச்சுச் சொன்னா நம்பிடாதீங்க. ஒவ்வொரு பேட்ச்லேருந்தும் பத்துப் பேர் சுமாருக்குப் பொறுக்கி எடுப்பாங்க, தேகு இருக்கற கியோங்சாங் பகுதி ஆளுங்கதான் அதிகம், சேரும்போது உறுதிமொழி உண்டு, அதுல சங்கத்தோட கட்டளைக்குக் கட்டுப்படணும்னு ஒரு வரி வரும். நான் பாடம் எடுக்கறப்ப இந்த வரில நிறுத்திருவேன். ராணுவ ஆபீசருக்கு மேலதிகாரியோட கட்டளை ஏற்கனவே இருக்கு. இப்போ ரெண்டாவதா ஒரு கட்டளை வருது, அதுவும் ரகசியமா. ரெண்டும் மோதினா எது ஜெயிக்கும்ங்கறதுக்கான பதில் 1979ல கெடச்சுது.

நடுவுல இருக்கற பதினஞ்சு வருஷம் சத்தமே இல்லாம நடந்தது, படத்துலயும் அது வராது, ஆனா எல்லாமே அங்கதான் இருக்கு. சியோலச் சுத்தி முக்கியமான சில நாற்காலிங்க உண்டு: தலைநகரக் காவல் படை, ஜனாதிபதி பாதுகாப்புப் பிரிவு, உளவு பாக்கற ராணுவப் பாதுகாப்புக் கமாண்ட், சியோலுக்குப் பக்கத்துல இருக்கற சிறப்புப் படை பிரிகேடுகள், அப்பறம் ராணுவத் தலைமையகத்துல ஆள் மாத்தற பிரிவு. சங்கத்து ஆள் ஒருத்தர் இதுல ஒரு எடத்துல உக்காந்தா, போறப்ப அடுத்த ஆளக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சுட்டுத்தான் போவார், பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு வைக்கற மாதிரி. ஜனாதிபதி பாதுகாப்புப் பிரிவுல சுன் இருந்த போஸ்ட்டுக்கு பின்னாடி ரோ வந்தார், பாதுகாப்புக் கமாண்டர் பதவிக்கும் சுன்னுக்கு அடுத்து ரோ, கட்சித் தலைவர் பதவியும் அப்படியே, கடைசில ஜனாதிபதி நாற்காலியும் அப்படியே. பார்க் சுங்-ஹீக்கு இது தெரியாமலா இருந்துச்சு? தெரியும். 1973ல தலைநகரக் காவல் படைத் தளபதி யூன் பில்-யோங், "தலைவருக்கு வயசாயிடுச்சு"ங்கற ரீதியில பேசினதா புகார் வந்து கைதானார், அந்த விசாரணைல ஹனாஹ்வே மொத்தமா வெளிய வந்துச்சு. யூனோட நெருங்கின ஆளுங்க சில பேர் ஜெயிலுக்குப் போனாங்க, சில பேருக்கு வேலை போச்சு, ஆனா சுன்னும் ரோவும் தப்பிச்சாங்க, விசாரிச்ச அதிகாரியத்தான் கொஞ்ச மாசத்துல வேற எடத்துக்குத் தூக்கி அடிச்சாங்க. பார்க் கணக்கு என்னன்னா, மூத்த தளபதிகள் தனக்கு எதிரா சேந்துரக் கூடாது, அவங்களுக்குக் கீழ தன்கிட்ட விசுவாசமா ஒரு எளசான கோஷ்டி இருக்கட்டும். மேல இருக்கறவன் கண்டும் காணாம விடாம எந்தக் கோஷ்டியும் இவ்வளவு வளராது.

1979 அக்டோபர் 26ல ஜனாதிபதி பார்க் சுங்-ஹீய அவரோட உளவுத்துறைத் தலைவர் கிம் ஜே-கியூவே விருந்துல சுட்டுக் கொன்னுட்டார். கொலைய விசாரிக்கற பொறுப்பு பாதுகாப்புக் கமாண்டர்கிட்ட, அதாவது சுன்கிட்ட வந்துச்சு. பார்க் செத்ததும் போட்ட ராணுவச் சட்டத்துக்குத் தளபதியா இருந்தவர் ராணுவத் தலைமைத் தளபதி ஜியோங் சியூங்-ஹ்வா, அவர் ஹனாஹ்வே ஆள் இல்ல. சுன்ன கிழக்குக் கடற்கரைப் பக்கம் டிரான்ஸ்ஃபர் பண்ணிரலாம்னு அவர் யோசிச்சது எப்படியோ கசிஞ்சிருச்சு. கவனிங்க, இங்கயும் வெடிச்சது போஸ்டிங்லதான்.

டிசம்பர் 12 சாயங்காலம் என்ன பண்ணாங்கன்னா, எதிர்க்கக்கூடிய மூணு தளபதிகள, அதாவது தலைநகரக் காவல் படையோட ஜாங் டே-வான், சிறப்புப் படையோட ஜியோங் பியோங்-ஜு, ராணுவப் போலீஸ் தலைவர், இவங்க மூணு பேரையும் விருந்துக்குன்னு ஒரு வீட்டுக்கு வர வச்சுட்டாங்க. சதில இருந்த தளபதிகள் கியோங்போக் அரண்மனை வளாகத்துல இருந்த 30வது காவல் பிரிவு ஆபீஸ்ல கூடினாங்க, திட்டத்துக்கு வச்ச ரகசியப் பேரு "பிறந்தநாள் வீட்டு விருந்து". ராத்திரி ஏழு மணி சுமாருக்கு ஹன்னாம்-டோங்ல தலைமைத் தளபதி வீட்டுல துப்பாக்கிச் சண்டை, அவரத் தூக்கிட்டாங்க. அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்துல இருந்த பாதுகாப்பு அமைச்சர் குடும்பத்தோட ஓடியே போயிட்டார், ராத்திரி பூரா அவரத் தேடறதே ஒரு தனிக் கதை. ஜாங் டே-வான் விஷயம் தெரிஞ்சு விருந்துலேருந்து அவசரமா ஆபீசுக்குத் திரும்பி ஆளுங்களக் கூப்புடறார். அவருக்குக் கீழ வர 30வது காவல் பிரிவோட ஆபீஸ்லதான் சதியே நடக்குது, 33வது பிரிவோட தலைவரும் அங்கதான் உக்காந்திருக்கார். பதவிக்கு வந்து ஒரு மாசம் கூட ஆகாத மனுஷன் அவர், கீழ இருக்கற நாற்காலி எல்லாம் பல வருஷமா வேற கைல. சிறப்புப் படைத் தளபதிக்கு இன்னும் மோசம், அவரோட அதே வளாகத்துல இருந்த 3வது பிரிகேட்தான் அவர் ரூமுக்குள்ள சுட்டுக்கிட்டே வந்து அவரப் புடிச்சுது. கூட நின்னு திருப்பிச் சுட்ட மேஜர் கிம் ஓ-ராங் அங்கயே செத்துப் போனார். முன்வரிசைல வட கொரியாவப் பாத்து நிக்க வேண்டிய 9வது டிவிஷன்லேருந்து அதோட தளபதி ரோ டே-வூ துருப்புகள சியோலுக்கு எறக்கிட்டார், அமெரிக்கக் கூட்டுக் கமாண்டுகிட்ட அனுமதி வாங்காமலே. பாதுகாப்புக் கமாண்ட் ராணுவத்தோட டெலிபோன் எல்லாத்தையும் ஒட்டுக் கேட்டுச்சு, யார் யாருக்கு என்ன உத்தரவு போடறாங்கன்னு சுன்னுக்கு ஒடனுக்குடன் தெரியும், எந்தப் படை கெளம்பப் போகுதோ அதுல இருக்கற தன் ஆளுக்கு ஒரு போன், அவ்வளவுதான். எதிர்த் தரப்புக்காக கெளம்பின 9வது சிறப்புப் பிரிகேட்கூட "ரெண்டு பக்கமும் படைய நிறுத்திக்குவோம்"ங்கற பேச்ச நம்பி பாதி வழில திரும்பிருச்சு, ஆனா இந்தப் பக்கம் 1வது பிரிகேட் நிக்கல, நேரா போய் பாதுகாப்பு அமைச்சகத்தையும் ராணுவத் தலைமையகத்தையும் புடிச்சுது. ஜனாதிபதி சோய் கியூ-ஹா, அமைச்சர் வராம கையெழுத்துப் போட மாட்டேன்னு விடியற வரைக்கும் இழுத்தார், கடைசில விடியக்காலம் போட்டுட்டார். ஆக "ஒரே ராத்திரில எப்படி"ங்கறதுக்கு பதில், அது ஒரே ராத்திரி கெடையாது. பதினஞ்சு வருஷமா துண்டு போட்டு வச்ச எடத்துல எல்லாம் அன்னைக்கு ஆள் உக்காந்திருந்தாங்க.

இதுல எது உறுதி எது இல்லன்னு சொல்லிடறேன். 1996 ஆகஸ்ட்ல சியோல் கோர்ட் சுன்னுக்கு மரண தண்டனையும் ரோவுக்கு இருபத்திரெண்டரை வருஷமும் குடுத்துச்சு, அப்பீல்ல அது ஆயுளாவும் 17 வருஷமாவும் கொறஞ்சுது, 1997 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அத உறுதி பண்ணுச்சு, அந்த வருஷம் டிசம்பர்லயே மன்னிப்பு குடுத்து விட்டுட்டாங்க. டிசம்பர் 12 ராணுவக் கலகம்ங்கறது இப்போ விவாதமே இல்ல. ஆனா அன்னைக்கே ஆட்சியப் புடிக்கற முழுத் திட்டம் இருந்துச்சா, இல்ல மொதல்ல தன் போஸ்ட்டக் காப்பாத்தப் போய் அப்பறம் வழி தெறந்துச்சாங்கறது இன்னும் விவாதம்தான். 1980 மே மாசம் குவாங்ஜுங்கற ஊர்ல போராடின மக்கள் மேல சுட உத்தரவு சரியா யார் வாய்லேருந்து வந்துச்சுங்கறதும் கடைசி வரைக்கும் நேரடியா ஒத்துக்கப்படல, சுன், ரோ ரெண்டு பேருமே 2021ல செத்துட்டாங்க. இன்னொண்ணு, அன்னைக்கு அரண்மனை வளாகத்துல கூடினவங்க எல்லாரும் ஹனாஹ்வே இல்ல. மூத்த லெஃப்டினன்ட் ஜெனரல்கள் மூணு பேர் சங்கத்துல சேராதவங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து வந்தவங்க. கோஷ்டி மட்டும் தனியா எதையும் ஜெயிக்கறதில்ல, கூட நிக்கற இந்த மாதிரி ஆளுங்க எப்பவும் வேணும்.

எல்லா நாட்டுலயும் இதே மாதிரி நடக்கும்னும் நெனைக்காதீங்க. ஜப்பான்ல 1921ல மூணு மேஜர்கள், ஒரே பேட்ச் நண்பர்கள், ஜெர்மனில பாடன்-பாடன்ல சந்திச்சு ராணுவத்துல சோஷூ பகுதிக்காரங்க ஆதிக்கத்த ஒடைக்கணும்னு பேசி வச்சாங்க, அதாவது கோஷ்டிய ஒழிக்கறதுக்குன்னு ஒரு கோஷ்டி. பத்து வருஷம் சொச்சத்துல அதுல ரெண்டு பேர், நாகாடாவும் ஒபாடாவும், எதிரெதிர் கோஷ்டிக்குப் போயிட்டாங்க. மசாகிங்கற தளபதியப் பதவிலேருந்து எடுத்ததுக்குப் பழிவாங்கன்னு 1935 ஆகஸ்ட் 12ல ஒரு லெஃப்டினன்ட் கர்னல் நாகாடாவ அவரோட ஆபீஸ்லயே வாளால வெட்டிக் கொன்னார். மறுபடியும் போஸ்டிங். சீனாவுல 1916க்கு அப்பறம் வந்த பெய்யாங் (வடக்குச் சீன ராணுவம்) தளபதிகள் கதை வேற மாதிரி, அன்ஹுய் கோஷ்டி, ஜிலி கோஷ்டி, ஃபெங்தியான் கோஷ்டின்னு அங்க ஒவ்வொருத்தனுக்கும் சொந்தமா படையும் வரி வசூலிக்க நெலமும் இருந்துச்சு, அதனால பிரிஞ்சா நேரா போர்தான், 1924 அக்டோபர்ல ஃபெங் யூ-சியாங் தன் ஜிலி கோஷ்டியவே முதுகுல குத்திட்டு பெய்ஜிங்கப் புடிச்சார். ஹனாஹ்வேக்கு சொந்தப் படையும் கெடையாது நெலமும் கெடையாது, எல்லாம் அரசாங்கத்தோடது. நாற்காலி போனா ஒண்ணுமே இல்ல. அதனாலதான் 1993 பிப்ரவரி 25ல ஜனாதிபதியாப் பதவியேத்த கிம் யங்-சாம், 11வது நாள்லயே தலைமைத் தளபதியையும் பாதுகாப்புக் கமாண்டரையும் தூக்கினார், ரெண்டு பேரும் ஹனாஹ்வே. ஏப்ரல்ல ராணுவக் குடியிருப்புல யாரோ உறுப்பினர் பட்டியல நோட்டீஸா அடிச்சு வீசிட்டுப் போக, ரகசியமே போயிருச்சு, வரிசையா டிரான்ஸ்ஃபரும் ஓய்வும். புதுசா புரமோஷன் வாங்கினவங்களுக்குத் தோள்ல குத்த நட்சத்திரம் ஸ்டாக் இல்லாம எரவல் வாங்கினாங்கன்னு கூட சொல்வாங்க. பதிமூணு வருஷத்துக்கு மேல நாட்ட ஆட்டி வச்ச சங்கத்த ஒரு தோட்டா கூட சுடாம பேப்பர் உத்தரவுலயே கலைச்சாச்சு.

உங்க ஆபீஸ் கேங்குக்கு வரேன். அவங்க ஒண்ணா சாப்புடறது, சினிமாவுக்குப் போறது, உங்களக் கூப்புடாதது, இதெல்லாம் நாச்சஸ் பெண்கள் மாதிரி, விட்டுருங்க. கடைசி ரெண்டு மூணு வருஷ புரமோஷன், டிரான்ஸ்ஃபர் பட்டியல எடுத்துப் பாருங்க, ஒரே செட்டுக்குள்ளயே ஒரு நாற்காலி கை மாறிக்கிட்டே இருக்கா, ஒரு முடிவு மீட்டிங்ல வர்றதுக்கு முன்னாடியே சில பேருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கா, மேல ஒருத்தர் இதத் தெரிஞ்சே விடறாரா. இருந்தா அது கோஷ்டி. இல்லன்னா வெறும் நட்பு, நமக்கு அதுல எடம் இல்ல, அவ்வளவுதான்.

கொரியாவுல இன்னமும் இருக்கான்னு கேட்டதுக்கு, ஹனாஹ்வே இல்ல, ஆனா பழக்கம் விட்டுப் போகல. 2024 டிசம்பர் 3 ராத்திரி ஜனாதிபதி யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவிச்சப்ப எல்லாரும் பேசினது "சுங்காம் கோஷ்டி" பத்தித்தான்: ஜனாதிபதி, பாதுகாப்பு அமைச்சர் கிம் யோங்-ஹியூன், எதிர்உளவுக் கமாண்டர் யோ இன்-ஹியோங், உள்துறை அமைச்சர் லீ சாங்-மின், நாலு பேரும் சுங்காம் ஹைஸ்கூல் பழைய மாணவர்கள். அந்த எதிர்உளவுக் கமாண்ட் வேற எதுவும் இல்ல, சுன் உக்காந்திருந்த அதே பாதுகாப்புக் கமாண்டோட வாரிசு. ஆனா இவங்க உச்சில நாலு நாற்காலிய மட்டும் புடிச்சாங்க, கீழ பிரிகேட், ரெஜிமென்ட் அளவுல ஹனாஹ்வே மாதிரி வருஷக்கணக்கா விதைச்சு வச்ச ஆளுங்க இல்ல. துருப்புகள் நாடாளுமன்றத்துக்கு வந்தாங்க, மக்கள் வாசல்ல மறிச்சாங்க, சிப்பாய்களும் கீழ்மட்ட ஆபீசர்களும் வேகம் காட்டல, 190 உறுப்பினர்கள் உள்ள போய் ஓட்டுப் போட்டுட்டாங்க, ஆறு மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சுது. 2025 ஏப்ரல் 4ல யூனப் பதவி நீக்கின தீர்ப்புலயே அரசியல் சாசன நீதிமன்றம், மக்கள் தடுத்ததையும் ராணுவத்தினர் அரைமனசா நடந்துக்கிட்டதையும் காரணமாக் குறிப்பிட்டிருக்கு.